வெள்ளை ஓக் கொட்டைகள்

அன்புள்ளவளே,

நீ உன் தங்கை வீட்டுக்குப் போய் நாற்பது நாளாகிறது. இங்கே மிசூரியில் இலை உதிரத் தொடங்கிவிட்டது.

மான்களுக்காக நான் விதைத்த தீவனப்புல் பச்சைப்பசேலென்று நிற்கிறது. ஒரு மான்கூட வாய் வைக்கவில்லை. வெட்டக் கூடாதென்று நீ குறுக்கே நின்றாயே, அந்த வெள்ளை ஓக் மரங்களுக்கடியில்தான் எல்லாம் மேய்கின்றன.

நேற்றுக் காலை ஒரு பெண்மானையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு ஓக்கின் கசப்புக் கொட்டைகள் பக்கத்திலேயே குவிந்து கிடந்தன. அவற்றை மோந்து ஒதுக்கிவிட்டு, சருகுக்குள்ளிருந்து வெள்ளை ஓக்கின் இனிப்புக் கொட்டைகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றது. எவ்வளவு நேர்த்தி! நீ சொன்னபடியே, இம்மியும் பிசகாமல். அன்று நான் சிரித்திருக்கக் கூடாது.

வருடா வருடம் வேட்டைக்கு வரும் வெர்னனும் என்னோடு இருந்தார்.

"இந்த மரத்தையெல்லாம் விட்டு வச்ச புத்திசாலி யாருய்யா? நீயா இருக்க மாட்டியே!"

"என் பொண்டாட்டி."

"அதானே பார்த்தேன்! எங்க அவங்க? கை குடுக்கணும்."

காபி ஊற்றுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

மரம் அறுக்க வருவதாக இருந்த ஆளை வர வேண்டாமென்று சொல்லிவிட்டேன். வெர்னன் ஞாயிறு வரை இங்கேதான் இருப்பார். உனக்குக் கை கொடுக்காமல் ஊர் திரும்ப மாட்டாராம்.

உன் கணவன்