கொழும்பிலிருந்து வராத செடி

இயேசு மரி சூசை துணை

தூத்துக்குடி,
அக்டோபர் 30

அன்பு மகள் அனுஜாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் அனுசரித்துச் சுகமாக இருக்கிறோம். ராட்டர்டாம் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே? காதை மூடாமல் வெளியே போகாதே.

அப்பா கல்லறையின் தலைமாட்டில் நிற்கிற செடியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். கல்லறைத் திருநாளுக்குச் சுத்தம் செய்யும்போது வெளிநாட்டுச் செடிகளை எல்லாம் தூரோடு எடுத்துவிடுவதென்று நம் கோயில் பங்குப் பேரவையில் முடிவானது. சீமைக்கருவேலை நினைத்து நானும் கை தூக்கினேன். மறுநாள் பேரவைச் செயலாளர் விக்டர் வீட்டுக்கு வந்து, "மைனி, அண்ணன் கொழும்புலேர்ந்து கொண்டாந்த செடியும் லிஸ்ட்ல இருக்கு, மனசு கஷ்டப்படாதிய" என்றார். உன்னிடமும் நான் கொழும்பு என்றுதான் சொல்லி வளர்த்தேன். உண்மையில் அதை அப்பா வேம்பார்ப் பக்கம் ஒரு புதரில் பிடுங்கி, ஈரத்துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். கொழும்புக்குத் தோணி ஓட்டுகிற தண்டல் வீட்டு வாசலில் காட்டுச்செடியா என்று எனக்கு வெட்கம். கேட்டவர்களுக்கெல்லாம் கொழும்பு என்றேன். அவர் சிரித்துக்கொண்டே செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். அவர் போன பிறகு அதன் கன்று ஒன்றைத்தான் கல்லறைத் தலைமாட்டில் நட்டேன்.

விக்டரிடம் இதைச் சொன்னால், "செடிய காப்பாத்தக் கதைய மாத்துதியளோ?" என்று சிரிக்கிறார். என் பொய்யை இருபத்தாறு வருஷம் நம்பியவர்கள் உண்மையை ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. சரி, நிரூபித்துவிடுவோம் என்று பைபிள் வாசிக்க நீ அனுப்பிய பூதக்கண்ணாடியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். இலைகள் எதிரெதிராக, ஜோடி ஜோடியாக. வெயிலில் தூக்கிப் பிடித்தால் ஊசிக்குத்து போல எண்ணெய்ப் புள்ளிகள். கசக்கினால் வாசம். வெள்ளைப் பூவில் நான்கு இதழ், நடுவே பிரஷ் மாதிரி மகரந்தத் தாள்கள். காயின் நுனியில் கொய்யாவுக்கு இருப்பதுபோலச் சின்னக் கிரீடம். நாவல், கொய்யா, கிராம்பு எல்லாம் இதற்குச் சொந்தம். கான்வென்டில் தாவரவியலில் நான் வாங்கிய தொண்ணூற்றாறு சும்மா வந்ததில்லை. ஆனால் குடும்பம் தெரிந்தால் போதுமா, ஊர் தெரிய வேண்டாமா? வேம்பாருக்கு பஸ் ஏறினேன். உப்பளத்துக்கு மேற்கே அதே செடி, ஆறு புதர். இரண்டு இடத்துக் கொப்பையும் காலேஜில் தாவரவியல் நடத்தும் சங்கரம்மாளிடம் காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதாம்மா, நம்ம கடற்கரைச் செடியேதான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியாரிடம் கேட்டு மைக்கைப் பிடித்தேன். கொழும்புச் செடி என்று நான் சொன்னது பொய், என் கணவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை என்றேன். சங்கரம்மாள் எழுதித் தந்ததையும் வாசித்தேன். பின்வரிசையிலிருந்து ஹில்டா, "ஏளா ஆனி, அப்பம் ஒன் வீட்டுக் கொழும்பு ஜாடி?" என்று கத்தினாள். அது கொழும்புதான் என்றேன். கோயிலே சிரித்தது. விக்டர் அங்கேயே பேனாவை எடுத்து லிஸ்டில் அந்த வரியை அடித்தார். வெளியே வந்தபோது, "வேம்பார்ல எந்த இடம் மைனி, கல்லறைச் சுவர் ஓரமா இன்னும் நாலு வைக்கலாம்லா?" என்று கேட்டார். அப்பா மடியில் வைத்துக் கொண்டுவந்ததை எல்லாரும் கேட்கும்படி சொன்னேன். தலை நிமிர்ந்துதான் வீட்டுக்கு நடந்தேன்.

மாதா உங்கள் இருவரையும் காப்பாளாக. இதோடு ஓர் இலை வைத்திருக்கிறேன், அங்கே வெயில் அடிக்கிற அன்று தூக்கிப் பிடித்துப் பார். அங்கே யாரிடமாவது கொழும்பு என்று சொல்லியிருந்தாயானால், மறக்காமல் திருத்திச் சொல்லிவிடு.

உன் அம்மா,
ஆனி பர்னாந்து