ஒரு முழம் மெல்லிசு நரம்பு

ஏங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்ததும் இதைப் படிங்க.

நான் கள்ளக்குறிச்சிக்குப் போறேன். ரோட்டுல மரத்தை வெட்டிப் போட்டிருக்காங்க, பஸ் இல்ல. கொல்லை வரப்பு வழியா நடந்துதான் போவணும். மறியல்ல புடிச்சவங்களையெல்லாம் கல்யாண மண்டபத்துல வெச்சிருக்காங்களாம். என் தம்பி இளமாறன் நேத்துலேர்ந்து இன்னா சாப்பிட்டானோ, புளிச்சோறு கட்டிக்கினு போறேன். "அவனா போயி மாட்டிக்கினான், நீ ஒண்ணும் போவ வேணாம்"னு ராத்திரி சொன்னீங்க. நான் சரின்னு சொல்லல.

சோறும் ரசமும் அடுப்பு மேல இருக்கு. ஏரிக்குப் போனா வூட்டைப் பூட்டிச் சாவியைக் குஞ்சம்மாக்கா கிட்ட குடுங்க.

உங்க தூண்டிலைப் பாத்தேன். முள்ளு வரைக்கும் கயிறு மாதிரி அதே தடி நைலான் நரம்பு. ஏரித் தண்ணி தெளிஞ்சி கெடக்கு, மீனுக்கு இன்னா கண்ணு இல்லியா? "கடைசி ஒரு முழம் மெல்லிசா கட்டு மாமா"ன்னு அவன் எத்தினி தபா சொன்னான். மச்சான் சொல்லி நாம கேக்கறதான்னு ஒரு மாசமா வெறுங்கையோட வர்றீங்க. அவன் வாங்கி வெச்ச நரம்பையே எடுத்து நான் கட்டிட்டேன். எச்சி தொட்டுத்தான் முடிச்சை இறுக்கியிருக்கேன். வெடுக்குன்னு இழுக்காதீங்க, அறுந்துரும்.

கலையரசி

மறந்துட்டேன். சாயந்தரம் விட்டுருவாங்கன்னு சொல்றாங்க, கையோட கூட்டிக்கினு வரேன். மீன் கெடச்சா கொழம்பு வைங்க, மொளகா அரைச்சி வெச்சிருக்கேன். தலையை அவனுக்கு எடுத்து வைங்க. யாரு நரம்புல மாட்டுச்சின்னு நான் கேக்க மாட்டேன்.