குட்டியின் நடைக்கு மூன்று நாள்

கெமின் பள்ளத்தாக்கு,
ஜூன் 18

அன்புள்ள பெகிமாய்க்கு,

மேரிம் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உன் கால் நன்றாகக் கூடிவிட்டது, மாடிப்படிகூடத் தடுமாறாமல் ஏறுகிறாய் என்று உன் அம்மா தொலைபேசியில் சொன்னார்கள். அப்போது ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அதே கையோடு என் அம்மாவைக் கட்டிக்கொண்டதில் அவளுடைய கறுப்புச் சட்டை வெள்ளையாகிவிட்டது.

உன் கடிதமும் வந்தது. மலையிலுள்ள தேசியப் பூங்காவுக்கு வரமாட்டேன், குதிரையேற்றம் எனக்கு வராது, அதை ஊரே பார்த்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். இருந்தாலும் நான் திட்டம் போடுவதை நிறுத்தவில்லை. ஜூலை பத்தாம் தேதி புறப்பாடு. முதல் நாள் ஆற்றோரமாகவே போய் ஊசியிலைக் காட்டின் விளிம்பில் கூடாரம் போடுகிறோம். மறுநாள் மேலே ஏரி. மூன்றாம் நாள் திரும்புகிறோம். தாலய்பெக் சித்தப்பா துணைக்கு வருகிறார்.

எல்லாவற்றையும் நோட்டில் மணிவாரியாக எழுதி அவரிடம் காட்டினேன். போய்ச் சேர்ந்த உடனே குதிரைகளுக்குத் தண்ணீரும் புல்லும் என்று போட்டிருந்தேன். "இது என்ன, புத்தகத்துல மேயுற குதிரையா? வேர்வை அடங்குற வரைக்கும் கட்டித்தான் வைக்கணும். இல்லன்னா வயித்து வலியில சுருண்டுரும். அப்புறம் நீதான் அதச் சுமந்துக்கிட்டு வரணும், பண்டிதரம்மா" என்றார். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

உனக்கு எந்தக் குதிரை என்பதில்தான் வீட்டில் ரகளை. எங்களிடம் இருப்பதில் சாதுவானது, ஏப்ரலில் குட்டி போட்ட பழுப்புப் பெட்டைதான். பெட்டைக் குதிரையில் சவாரி போவது இங்கே கேலிக்குரியதாயிற்றே, அதைச் சொன்னதுமே சித்தப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "பெட்டையில ஏறி வர்றதுக்கு அந்தப் பொண்ணு நடந்தே வரலாம். வழியில இருக்கிற ஒவ்வொரு கூடாரத்துக்காரனும் சிரிப்பான், என்னையும் சேத்து" என்றார். அம்மா பால் வாளியை இறக்கிவைத்துவிட்டு, "சிரிச்சா பல்லு தெரியும், அவ்வளவுதான? உங்களுக்கு மானம் போனா போகட்டும், பிள்ளைக்குக் கால் போகக் கூடாது" என்றாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். தாயைப் போகவிட்டால் குட்டியும் கூடவே வரும். அது பால் குடிக்க நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். யார் நினைத்தாலும் விரட்டிக்கொண்டு போக முடியாது. உன் காலுக்கு அதுதான் நல்லது. உன்னை மட்டும் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாதே, அதனால் நானும் பெட்டைக் குதிரையில்தான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பந்தயத்தில் ஓடும் என் சாம்பல் குதிரை வீட்டிலேயே இருக்கட்டும். "ஒண்ணு பத்தாதுன்னு ரெண்டா!" என்று சித்தப்பா தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார். ஆனால் மறுநாள் பக்கத்து வீட்டுக்குப் போய் இரண்டாவது பெட்டையைக் கேட்டு வாங்கி வந்ததும் அவர்தான்.

பெகிமாய், உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். போன இலையுதிர் காலத்தில் பந்தயத்தன்று உன் குதிரைக்குச் சேணம் கட்டியது நான். பட்டையை இறுக்கும்போது குதிரை வயிற்றை உப்பிக்கொள்ளும், பத்தடி நடத்திவிட்டு மறுபடி இறுக்க வேண்டும் என்பது இங்கே ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். அவசரத்தில் நான் மறுபடி இறுக்கவில்லை. சேணம் சரிந்துதான் நீ விழுந்தாய். பட்டணத்துக்குப் போனவளுக்குப் பிடி தளர்ந்துவிட்டது என்று எல்லோரும் பேசியபோது, நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

நேற்று சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. தைத்துக்கொண்டிருந்த வாரை முடித்து, நூலைக் கடித்துத் துண்டித்த பிறகு, "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? விழுந்தவகிட்ட சொல்லு" என்றார். இன்று பால் கறக்கும் இடத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். உனக்கு இப்போது எழுதுகிறேன்.

பூங்காக் காவலர் முப்பதாம் தேதிக்குள் பெயர்ப் பட்டியல் கேட்கிறார். உன் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். கோபமிருந்தால் தாராளமாகத் திட்டி எழுது. ஆனால் வா. குதிரை ஏற மனமில்லை என்றால் ஏற வேண்டாம். குட்டியோடு நடந்தே போகலாம், நானும் இறங்கி உன்னோடு நடந்து வருகிறேன்.

உன் கால் ஒருநாளும் வலிக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்ளும்,
மேரிம்