பதினோராவது சடை

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

பார்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது. அண்ணனுடைய ஸ்வெட்டரின் பின்பக்கம் முழுசாக, முன்பக்கம் கைக்குழி வரை, மிச்ச நூல் ஐந்து கண்டு, எல்லாம் சரியாக இருக்கிறது. பழைய தலையணை உறைக்குள் போட்டு வாயைத் தைத்தே அனுப்பிவிட்டீர்கள். அதைப் பிரிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. இவ்வளவு நெருக்கமாகத் தைத்தது அண்ணன்தானே? பயந்தவர் தையல் அது.

என் கூத்தைக் கேளுங்கள். இன்றைய தேதிக்கு ஏழு வேலை பாதியில் நிற்கிறது. வீட்டில் உட்கார நாற்காலி இல்லை, ஒவ்வொன்றிலும் ஒரு பை. மேஜை விரிப்பில் எம்பிராய்டரிப் பறவைக்கு ஒரு இறக்கைதான் முளைத்திருக்கிறது. பக்கத்து வீட்டு டீச்சர் கேட்ட சால்வையை மூன்றாவது தடவையாக முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். இவருக்குப் பின்னிய சாக்ஸில் ஒன்று முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது, இன்னொன்று இன்னும் பிறக்கவில்லை. "எந்தக் காலுக்குன்னு மட்டும் சொல்லு, அதை நீட்டுறேன்" என்கிறார்.

தையல் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் பேண்டுக்கு மடிப்பு அடித்துவிட்டு வந்தாலும் எனக்கு ஊசி அலுப்பதில்லை. ஆனால் ஒரு தப்பு கண்ணில் பட்டுவிட்டால் போச்சு, மொத்தத்தையும் பிரித்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். உங்களுக்குத் தெரியாததா?

உங்களுடையதை ஏழுக்கும் முன்னால் வைத்துவிட்டேன். குளிர் போவதற்குள் அண்ணன் தோளில் ஏறிவிடும். கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
வாலு


ஜனவரி 24

வாலு,

எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. இடது கை இப்போதுதான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறது. இந்தக் கடிதத்துக்கு இரண்டு நாள் ஆகும்.

பக்கவாதம் வந்தவர்களில் நான் அதிர்ஷ்டக்காரி என்று எல்லோரும் சொல்கிறார்கள். நடக்கிறேன், பேசுகிறேன். வலது கை டம்ளரைப் பிடிக்கிறது, ஊசியைப் பிடிக்கவில்லை. பயிற்சி கொடுக்கிற பெண் மூன்று விரல்களைத் தனித்தனியாகத் தொட்டுக் காட்டி, "இந்த மூணும் இனிமே நுணுக்கமான வேலைக்கு வராதும்மா" என்றாள். என் முகத்தைப் பார்த்தே சொன்னாள், அது பிடித்தது. ஆபீஸில் டைப் அடிக்கிற மேஜையிலிருந்து என்னைத் தூக்கி, போன் எடுக்கிற மேஜையில் போட்டிருக்கிறார்கள்.

ஸ்வெட்டருக்கு அவசரமில்லை. நான் விட்ட இடத்திலிருந்து நீ தொடர்ந்துகொண்டு போ, அது போதும். எதுவரைக்கும் வந்திருக்கிறது?

அண்ணி


பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். கடையில் பள்ளிச் சீருடை ஆர்டர் குவிந்துவிட்டது, மூச்சு விட நேரமில்லை. நூல் வேறு போதாது போலிருக்கிறது. அதே நிறம் அடுத்த வாரம் வரும் என்கிறார் கடைக்காரர். வந்ததும் மளமளவென்று முடித்துவிடுகிறேன். அண்ணனை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

வாலு


பிப்ரவரி 20

வாலு,

ஐந்து கண்டு போதவில்லையா? இரண்டு ஸ்வெட்டருக்குக் காணும் என்றல்லவா நினைத்தேன். போகட்டும்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. முடித்தது முடியாதது எல்லாம் அப்படியே திருப்பி அனுப்பிவிடு. உன் அண்ணன் குளிர் தாங்காமல் கடையில் ஒன்று வாங்கிக்கொண்டுவிட்டார். எனக்கு அந்த முன்பக்கம் வேண்டும்.

நீ பார்த்திருப்பாய். நடுவில் தலைச்சடை மாதிரி முறுக்கி முறுக்கிப் போகிற பின்னலில், கீழிருந்து எண்ணினால் பதினோராவது சடை வலது பக்கம் திரும்புவதற்குப் பதில் இடது பக்கம் திரும்பியிருக்கும். போட்டு நாலு வரிசை தாண்டிய பிறகுதான் கவனித்தேன். பிரிக்கலாம் என்று ஊசியை எடுத்தேன், விரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சோம்பல் என்று நினைத்து என்னையே திட்டிக்கொண்டு மேலே போட்டுக்கொண்டு போனேன். தப்பை அப்படியே விட்டது என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். மூன்று வாரம் கழித்துக் கையிலிருந்து டம்ளர் விழுந்தது. டாக்டர் "எப்போதிலிருந்து?" என்று கேட்டபோது உன் அண்ணன், "இன்னிக்குக் காலையிலேர்ந்து" என்றார். இல்லை. அந்தச் சடையிலிருந்து.

அப்போது அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை, அதனால்தான் உன்னிடம் தள்ளிவிட்டேன். இப்போது மடியில் வைத்துக்கொண்டு உட்காரவேண்டும் போலிருக்கிறது. என் கை கடைசியாகப் போட்டது அதுதானே?

அண்ணி


மார்ச் 2

அண்ணி,

அன்புள்ள என்று எழுதக் கை கூசுகிறது.

பதினோராவது சடை இல்லை. பத்தாவதும் இல்லை. முன்பக்கமே இல்லை. பார்சல் வந்த அன்று சாயங்காலமே பிரித்துவிட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று உங்களுக்கு எழுதினேனே, அப்போது அது கண்டாகச் சுற்றி என் பக்கத்தில் கிடந்தது. சீருடை ஆர்டர் பொய். நூல் போதாதது பொய்.

நாம் இருவரும் ஒரே புத்தகத்தைப் பார்த்து ஒரே வருஷத்தில்தான் பின்னக் கற்றுக்கொண்டோம். வருகிறவர்கள் உங்களுடையதைத் திருப்பிப் பார்த்து, "உள்பக்கம்கூட வெளிப்பக்கம் மாதிரியே இருக்கே" என்பார்கள். என்னுடையதைப் பார்த்து, "கலர் நல்லாயிருக்கு" என்பார்கள். பதினெட்டு வருஷமாக எனக்குக் கலர் நல்லாயிருக்கிறது.

அன்றைக்கு அந்தச் சடையைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அண்ணி. உங்கள் வேலையில் ஒரு தப்பு! இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அண்ணியே கோட்டை விட்டுட்டாங்க பாருங்க!" என்றேன். இவர், "பாவம், கை வராமப் போச்சே" என்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நான் சரிபண்ணிக் காட்டுகிறேன் என்ற திமிரில் சரசரவென்று உருவினேன். பின்பக்கத்திலும் தப்பு தேடினேன். கிடைக்கவில்லை, அதனால்தான் அது பிழைத்தது.

மூன்று விரலைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த அன்றுதான் என்ன செய்திருக்கிறேன் என்று தெரிந்தது. அன்றே சொல்லியிருக்கவேண்டும். சொல்லாததோடு நிற்கவில்லை. அன்றிலிருந்தே, பதினோராவது சடையை வேண்டுமென்றே இடது பக்கம் திருப்பி, உங்களுடையது போலவே ஒன்று செய்யப் பார்த்தேன். நாலு தடவை. உங்கள் கண்ணி இறுக்கம், என் கண்ணி தொளதொள. மெல்லிய ஊசிக்கு மாறிப் பார்த்தேன், விரல் வலிக்க இழுத்துப் பார்த்தேன். மூன்றைப் பிரித்தாயிற்று. நாலாவது ஊசியிலேயே இருக்கிறது. போன கடிதம் வந்ததும் அதை உங்களுடையது என்று அனுப்பத்தான் இருந்தேன். விலாசம்கூட எழுதிவிட்டேன். தொட்டால் உங்களுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம்தான் என்னை நிறுத்தியது, நல்ல மனசு இல்லை.

பின்பக்கத்தை இத்துடன் அனுப்புகிறேன். முன்பக்கத்தை என்னால் திருப்பித் தர முடியாது. மன்னிப்புக் கேட்கவும் வெட்கமாக இருக்கிறது.

வாலு


மார்ச் 30

வாலு,

நாலு வாரம் எழுதவில்லை. கை முடியாமல் இல்லை, கோபம். உன் அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் உனக்குப் பரிந்து பேசுவார், அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

பிரித்ததுகூட எனக்குப் புரிகிறது. உன் தப்பு என் கையில் கிடைத்திருந்தால் நானும் பிரித்திருப்பேன். சந்தோஷப்பட்டாய் பார், அதுதான் தொண்டையில் நிற்கிறது. நான் விழுந்து கிடந்தபோது யாரோ ஒருத்தி சந்தோஷப்பட்டிருப்பாள் என்று நினைத்ததுண்டு. அது நீ என்று நினைத்ததில்லை. "கலர் நல்லாயிருக்கு" என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அதையும் இந்த நாலு வாரத்தில் யோசித்துப் பார்த்தேன்.

பின்பக்கத்தைத் திருப்பி அனுப்புகிறேன். நாலாவதை மொத்தமாகப் பிரிக்காதே. பதினோராவது சடை வரைக்கும் இறக்கி, அதைச் சரியாகத் திருப்பு. என் தப்பை நீ போடவேண்டாம். மேலே போய், கை இரண்டையும் பின்னி முடி. முன்பக்கம் உன்னுடையதாக இருக்கட்டும், பின்பக்கம் என்னுடையது. உன் அண்ணன் எதிரே வந்தால் உன் வேலையைப் பார்க்கிறேன், எழுந்து போனால் என் வேலையைப் பார்க்கிறேன்.

இப்போதைக்கு நேரில் வராதே. தபாலில் அனுப்பு.

அண்ணி


ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணிக்கு,

ஸ்வெட்டர் முடிந்துவிட்டது. மற்ற ஏழு பையையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு இதை மட்டும் செய்தேன். பதினோராவது சடை வலது பக்கம் திரும்பியிருக்கிறது.

ஆனால் இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைத்தபோது, என் முன்பக்கம் உங்கள் பின்பக்கத்தைவிட இரண்டு விரற்கடை நீளம். வரிசையை மூன்று தடவை எண்ணினேன், கணக்கு சரியாக இருக்கிறது. என் தொளதொளக் கண்ணிதான் காரணம். பிரிக்கக் கை துறுதுறுத்தது. ஊசியை எடுத்து பீரோ மேல் வைத்துவிட்டு ஒரு வாரம் கடைக்கும் வீட்டுக்கும் நடந்தேன். பிறகு எடுத்து, அப்படியே இணைத்துவிட்டேன். போட்டால் முன்னால் தொங்கும். அண்ணன் கேட்டால் தொப்பைக்கு விட்ட இடம் என்று சொல்லுங்கள்.

உங்களுக்கு மட்டும் உண்மை. கீழ் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள், தப்பு கையில் தட்டும். அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். உங்கள் தங்கச்சி கோட்டை விட்டுவிட்டாள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை நீங்களும் ஆசை தீரப் பட்டுக்கொள்ளுங்கள், அண்ணி. பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை.

அதே தலையணை உறையில்தான் வைத்து அனுப்புகிறேன். வாயைப் பெரிய பெரிய தையலாகப் போட்டிருக்கிறேன். இடது கையாலேயே பிரித்துவிடலாம்.

வாலு