பெரட்டுக்களத்தில் என் ஈரல்

2003 மார்ச் 6
நேற்று ஈரலைக் கெடுக்கும் ஹெப்படைட்டிஸ் சி-க்கு முதல் ஊசி. இன்று காலைப் பெரட்டில், வேலைக்கு அனுப்புமுன் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது, பெரியாயியை ஏசிவிட்டேன்! அவள் செய்த குற்றம், தும்மியது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து கொழுந்தெடுக்கும் ஒருத்தியையும் அதட்டியதில்லை. “வாங்க தாயி” என்றே பழகிய வாய். எனக்கே வெட்கமாகிவிட்டது.

மார்ச் 12
பதுளை ஆஸ்பத்திரியில் இரண்டாவது ஊசி. கிழமைக்கு ஒன்று, புதனுக்குப் புதன். டொக்டர் சிவரூபியிடம் கோபத்தைச் சொன்னேன்.

“இந்த மருந்துக்குக் கோவம் வரும் ஐயா, காய்ச்சலும் வரும். அதை வச்சு ஒண்டும் சொல்லேலாது. பன்னிரண்டாம் கிழமை இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிப் பாப்பம். கிருமி நல்லாக் குறைஞ்சிருந்தாத் தொடருவம். இல்லாட்டி நிப்பாட்டுறதுதான்.”

நிறுத்தினால் வேறு மருந்து? இல்லையாம்.

பக்கத்தில் இருந்த என் மனைவி இராக்கம்மா “கோவம் வரும்” என்பதோடு காதை மூடிக்கொண்டாள் போல. திரும்பும் பஸ்ஸில் பெரியாயியின் மகளிடம் சொல்கிறாள்: “கோவம் வந்தா மருந்து புடிக்குதுன்னு அர்த்தமாம்.” தோட்டம் முழுக்கப் பரவ இது போதாதா?

ஏப்ரல் 3
பெரட்டில் எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். ஒருத்தி வேண்டுமென்றே பிந்தி வருகிறாள். இன்னொருத்தி பெயர் கூப்பிட்டால் பேசாமல் நிற்கிறாள். “நல்லா ஏசுங்க ஐயா, கிருமி சாகட்டும்” என்கிறாள் பெரியாயி. இதைக் கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? கத்தினேன். கை தட்டினார்கள்.

ஏப்ரல் 24
தேங்காய்ச் சம்பலில் உப்பே இல்லை. வேண்டுமென்றுதான். “பரவாயில்லை” என்று சாப்பிட்டேன். இராக்கம்மா அழுகிறாள்.

மே 28
இரத்தம் எடுத்தாயிற்று.

ஜூன் 9
ஒரு கிழமையாகக் கோபமே வரவில்லை. டொக்டர் சொன்னது மனப்பாடம், இருந்தும் — ஏன் வரவில்லை? நானுமா இதை நம்புகிறேன்? ஆளில்லாத மலையில் நின்று ஒரு தேயிலைச் செடியை ஏசிப் பார்த்தேன். பாவமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

பயமா இருக்கு. சாக எனக்குப் பயமா இருக்கு.

ஜூன் 18
முடிவு வந்துவிட்டது. கிருமி முன்பிருந்ததில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே. முழுச் சுகம் என்று இப்போதே சொல்ல முடியாதாம், ஆனால் நல்ல சகுனமாம். “தொடருவம், ஐயா” என்றார் டொக்டர். இந்த இரண்டு சொல்லைக் கேட்கத்தான் இத்தனை நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 19
பெரட்டில் நல்ல செய்தியைச் சொல்லத்தான் போனேன். வாயைத் திறந்ததும் “நீங்க எல்லாரும் நல்லா இருக்கணும் தாயி” என்று மட்டும் வந்தது. கண்ணில் தண்ணீர் வேறு.

அவ்வளவுதான். பெரியாயி மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டாள். வரிசை முழுக்க அழுகை. “மருந்து புடிச்சிருச்சு” என்றேன். யாரும் நம்பவில்லை. இவ்வளவு அன்பாகச் சொன்னால் எப்படி நம்புவார்கள்?

“அடியேய்! நான் உசுரோடதான்டி இருக்கேன்! ஒப்பாரிய நிப்பாட்டிட்டு மலைக்கு ஏறுங்கடி!”

பெரியாயி சட்டென்று நிறுத்தினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு மற்றவர்களைப் பார்த்து, “புடிச்சிருச்சுடி” என்றாள்.

சிரித்துக்கொண்டே மலைக்கு ஏறினார்கள். நான் அங்கேயே நின்று இன்னும் கொஞ்சம் அழுதேன்.