சம்பந்தியும் லேட்டன்சியும்

செவ்வாய்க்கிழமை, இரவு.

மருமகளின் அப்பா கல்லாவியிலிருந்து வீடியோ காலில் வந்தார். “சம்பந்தி, நல்லா கேக்குதுங்களா?” என்றார். “தாராளமாங்க” என்றேன். அது போய்ச் சேர்வதற்குள் அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்: “உங்க ஊருப் பக்கம் சூளகிரி கம்பெனில எனக்குச் செக்யூரிட்டி வேலை கெடச்சிருக்குது. வீடு கெடைக்கற வரைக்கும் உங்க ரூம்லயே தங்கிக்கட்டுங்களா?”

என் ‘தாராளம்’ அதற்குப் பதிலாகிவிட்டது. பதறிப்போய், “இல்லீங்க, இல்லீங்க” என்றேன். அதுவும் தாமதம். அதற்குள் அவர், “உங்களுக்குச் சிரமம் ஒண்ணுமில்லீங்களே?” என்று கேட்டுவிட்டிருந்தார்.

“பேச்சு லேட்டா போய்ச் சேருதுல்ல, அதுக்குப் பேரு லேட்டன்சிப்பா” என்று மகன் சிரித்தான். என் அறையில் இரண்டாவது கட்டிலையும் போட்டுவிட்டான்.

மறுபடி கூப்பிட்டுத் திருத்தலாம்தான். அடுத்த ‘இல்லீங்க’ எந்தக் கேள்விக்குப் போய் விழுமோ என்று பயமாக இருக்கிறது. கல்யாணத்தின்போது இருவரும் ஒரே அறையில் படுத்திருந்தோம். அவர் குறட்டைக்கு லேட்டன்சியே கிடையாது.