எட்டரை மணிச் சாப்பாடு

உத்தமபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஷாஜியாவுக்கு அம்மா லத்திபா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாவின் கிருபையால் நான், உன் அத்தா, தம்பி நவாஸ், வாசலில் வந்து வந்து படுக்கிற அந்த ஒற்றைக்கண் பூனை வரைக்கும் எல்லோரும் சுகம், சார்ஜாவில் நீயும் வேளாவேளைக்குப் பசியாறி சுகமாக இருக்க துஆ செய்கிறேன். தினம் போனில் முகத்தைப் பார்க்கிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. போனில் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் பாதியிலேயே விடும்மா விடும்மா என்று என் வாயை அடைத்துவிடுகிறாய், பேப்பரில் அது நடக்காது, முழுக்க வாசித்துத்தான் ஆகவேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, தப்பு இருந்தால் பல்லைக் காட்டாதே.

உன் அறையில் கூட இருக்கிற ஜெபஷீலா லீவுக்குக் கம்பம் வந்தவள் நம் வீட்டுக்கும் வந்தாள். வந்தவள் டீயைக் குடித்துவிட்டு சும்மா போகாமல் உன் குட்டை உடைத்துவிட்டாள். மேல்படிப்புக்கு சாயங்கால கிளாஸில் சேரச்சொல்லி நாங்க வேலை பாக்குற ஆஸ்பத்திரியிலேயே சொன்னாகம்மா, ஆறு மணியில இருந்து ஒம்பது மணி வரைக்கும், ஷாஜிதான் ஏழு மணிக்கு எந்தம்பியைச் சாப்பிட வைக்கணும், எனக்கு வேணாம்னுட்டா, இந்த மாசக் கடைசிக்குள்ள பேரு குடுக்கலைன்னா போச்சு என்றாள். உனக்கு ஏழு என்றால் இங்கே எட்டரை. ஆட்டிசம் என்று தேனி டாக்டர் சொல்வதற்கு முன்பிருந்தே, ராத்திரிச் சாப்பாட்டை நீ எதிரில் உட்காராமல் அவன் தொடமாட்டான். நீ விமானம் ஏறிய பிறகு போனைச் சொம்பின் மேல் சாய்த்து வைத்து, நீ அங்கே தின்ன அவன் இங்கே தின்ன என்று இரண்டு வருஷம் ஓட்டிவிட்டோம். அது உன் காலில் கட்டிய கயிறு என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

இப்போது ஒரு பொய்யை ஒத்துக்கொள்கிறேன், கோபப்படாதே. ஜெபஷீலா வந்துபோன மறுநாள் காற்றும் மழையுமாக அடித்து மூன்று நாள் டவர் இல்லாமல் போனதே, அத்தா தேனிக்குப் போய் உனக்குப் போன் போட்டு, தம்பி நல்லாச் சாப்புட்டான்னு சொன்னார்களே, அது பொய். முதல் நாள் அவன் ஒரு வாய்கூட வைக்கவில்லை. இடியாப்பமும் தொட்டுக்கொள்ளக் கறி ஆணமும் வைத்தேன், தட்டையே பார்த்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போனில் பிடித்துவைத்திருந்த உன் பழைய பேச்சைப் போட்டேன், போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டான். கெஞ்சினேன், பாட்டுப் பாடினேன், என் பாட்டைக் கேட்டால் பசித்தவனும் எழுந்து ஓடுவான் என்று நீ சொல்வாயே, அதுபோல எழுந்து போய்ப் படுத்துவிட்டான். அன்றைக்கு நானும் ஒன்றும் தின்னவில்லை.

மறுநாள் பகல் அவனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு, அவன் பகலெல்லாம் இருக்கிற நம் திராட்சைத் தோட்டத்துக்குப் போனேன். அங்கே பந்தலுக்கு அடியில் நம்மிடம் வேலை பார்க்கிற பவுனு அக்காவும் மற்றவர்களும் தூக்குவாளியைத் திறந்து வட்டமாக உட்கார்ந்தார்கள், நம்ம ராஜா நவாஸ் தானாக நடுவில் போய் உட்கார்ந்து மடமடவென்று அள்ளிப் போடுகிறான். ராத்திரி பட்டினி கிடந்த கதையைச் சொன்னேன். அந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஏ தாயி, இங்கன பாரு, நான் வாயில வச்சா அவனும் வைக்கிறான், நான் தண்ணி குடிச்சா அவனும் குடிக்கிறான், வீட்டுல அவனுக்கு முன்னால உக்காந்து யாரு திங்கிறீக என்று கேட்டாள். அத்தா தொழுகை முடிந்து கடைவாசலில் நாலு பேரிடம் பேசித் தீர்த்துவிட்டு வந்துதான் சாப்பிடுவார்கள். நான் எல்லோருக்கும் போட்டு முடித்து, பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு, அடுப்படியில் நின்றபடியே சட்டியில் ஒட்டியதை வழித்துத் தின்கிறவள். என் மாமியார் அப்படித்தான் தின்றார்கள், நானும் அப்படியே தின்றேன், பிள்ளைகள் முன்னால் தட்டு வைத்து உட்கார்ந்ததே இல்லை ஷாஜி, ஒரு நாள்கூட இல்லை. அவன் முன்னால் உட்கார்ந்து தின்ற ஒரே ஆள் நீ.

அன்று எட்டரைக்கு அவன் எதிரில் எனக்கும் ஒரு தட்டு வைத்தேன். புதுப்பெண் மாதிரி வெட்கமாக இருந்தது, சிரிக்காதே. நான் ஒரு வாய் வைத்தேன். என் கையைப் பார்த்தான். இன்னொரு வாய் வைத்தேன். அவனும் சப்பாத்தியைப் பிட்டு ஆணத்தில் தொட்டு வாயில் வைத்தான். நான் அழுதுகொண்டே தின்றேன், அவன் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை, பசி. டவர் வந்த பிறகும் இரண்டு நாள் சார்ஜ் இல்லை என்று போனை எடுக்கவில்லையே, அதுவும் சும்மா, சோதித்துப் பார்த்தேன். இரண்டு நாளும் தின்றான். நான் மூன்று சப்பாத்தியில் எழுந்தால் அவனும் எழுந்துவிடுகிறான், அவனுக்காக நாலு தின்கிறேன், நீ வரும்போது வாசலை இடித்துப் பெரிதாக்க வேண்டியிருக்கும். அத்தாவும் கடைவாசல் பேச்சைச் சுருக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இவ்வளவு சூடா சோறு தின்னு எத்தனை வருசமாச்சு என்று என்னையே குறை சொல்கிறார்கள்.

உன்னைத்தான் இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஆறு வயதில் நீ ஆரம்பித்த வேலை. பெருநாளைக்குக் கம்பத்து மாமு வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் தங்கும், நீ மட்டும் பொழுது சாய்ந்தால் வீட்டுக்குக் கிளம்பிவிடுவாய். கொடைக்கானல் டூருக்குப் பள்ளிக்கூடமே போனது, பஸ்ஸில் வாந்தி வரும் என்று சொல்லி நின்றுவிட்டாய். குமுளி மலை வளைவில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டு வருகிற கழுதைக்கு வாந்தியாம், நானும் நம்பினேன். நம்பினால் எனக்கு வசதி, அதனால் நம்பினேன். பத்தாவது படிக்கும்போது ஒரு நாள், ஒரே ஒரு தடவை நான் தனியாச் சாப்பிடணும்மா என்று நீ கேட்டாய். உன் தம்பிதானேடி என்று நான் வைதேன். நீ போய் அவன் எதிரில் உட்கார்ந்தாய். அந்த முகம் இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு உன்னை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

தம்பி மறந்துவிட்டான் என்று மூக்கைச் சிந்தாதே. சாப்பிட்டு தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனை எடுத்து உன் படத்தைத் தடவிப் பார்க்கிறான். அது சோற்றுக்காக இல்லை, உனக்காக. அதனால் கிளாஸ் முடிந்து வந்தோ வெள்ளிக்கிழமை லீவிலோ உனக்குப் பேசத் தோன்றும்போது பேசு, அவன் வருவான், வராவிட்டாலும் அவன் இஷ்டம்.

ஜெபஷீலா நாளை மறுநாள் கிளம்புகிறாள். அவளிடம் இந்தக் கடிதத்தோடு உலர்ந்த திராட்சையும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்திருக்கிறேன், பாதி அவளுக்கு, கணக்குப் பார்க்காதே. பவுனு அக்கா குச்சனூர் கோயிலில் உன் பெயருக்கும் விளக்குப் போட்டிருக்கிறாள், நானும் ஐந்து வேளையும் உனக்குத்தான் கையேந்துகிறேன், இரண்டு பேரும் கேட்டால் பாஸாகாமல் எங்கே போவாய். மாசக் கடைசி வரைக்கும் இழுக்காதே, இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே போய்ப் பெயர் கொடு. பிறகு நல்ல ஓட்டலாகப் பார்த்து, தனியாக ஒரு மேஜையில் உட்கார்ந்து, ஆற அமரச் சாப்பிடு. அல்லா உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த அறிவும் தரட்டும்.

ஒன்று மட்டும் நினைவில் வை, எட்டரை மணிக்குப் போன் பண்ணாதே, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்போம்.

மகன் எதிரில் உட்கார்ந்து பசியாறுகிற
உன் அம்மா
லத்திபா